மால்தீனி குடும்பம்: மூன்று தலைமுறைக் கால்பந்து

இத்தாலியின் ஏசி மிலான் கழகம் ஐரோப்பியக் கோப்பையை ஏழு முறை வென்றிருக்கிறது. அவற்றுள் ஆறு இறுதி ஆட்டங்களில் மால்தீனி என்ற பெயருடைய ஒருவர் களத்தில் இருந்தார்: 1963இல் தந்தை செசாரே, 1989, 1990, 1994, 2003, 2007 ஆண்டுகளில் மகன் பாவ்லோ. 1969இன் வெற்றி ஒன்றுதான் அந்தப் பெயர் இல்லாமல் வந்தது. உள்நாட்டு லீகான சீரி ஆவில் மிலானின் பட்டங்கள் 19. அவற்றில் செசாரே நான்கிலும், பாவ்லோ ஏழிலும், பேரன் டேனியல் ஒன்றிலும் பங்கு பெற்றிருக்கிறார்கள். 1955க்குப் பிறகு மிலான் மால்தீனி இல்லாமல் லீகை வென்றது 1968, 1979, 2011 ஆகிய மூன்று ஆண்டுகளில் மட்டுமே.

கால்பந்தில் தந்தையும் மகனும் ஆடுவது அரிதல்ல. பாட்டனும் தந்தையும் பேரனும் நாட்டின் முதல் அணிக்கு ஆடிய குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மூவரும் ஒரே பெரிய கழகத்தில் லீக் பட்டம் வென்றது அதைவிட அரிது. கொல்லுப்பட்டறையில் உலையும் சம்மட்டியும் ஊராரின் நம்பிக்கையும் மகனுக்குக் கைமாறும். கால்பந்தில் அப்படிக் கைமாற எதுவும் இல்லை. வாரந்தோறும் பதினோரு பேர் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். தேர்வு தவறினால் பல்லாயிரம் பேருக்கு முன்னால் அது வெளிப்பட்டுவிடும். அப்படிப்பட்ட தொழிலில் ஒரு குடும்பம் எழுபது ஆண்டுகள் நிலைத்ததற்கு இரத்தத்தில் வந்த திறமை மட்டும் காரணமாக இருக்க முடியாது. மால்தீனிகளின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால் வேறு சில காரணங்கள் தெளிவாகத் தெரிகின்றன.

செசாரே 1932 பிப்ரவரி 5 அன்று திரியெஸ்தே நகரில் பிறந்தார். அத்ரியாட்டிக் கடலின் வடகோடியில் உள்ள அந்தத் துறைமுகம் முதல் உலகப் போர்வரை ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்கு உரியது. இத்தாலியரும் ஸ்லோவேனியரும் கலந்து வாழ்ந்த ஊர். இரண்டாம் போருக்குப் பின் எல்லைத் தகராறு மூண்டதால் நகரம் 1954வரை பிரிட்டிஷ், அமெரிக்க இராணுவ நிர்வாகத்தில் இருந்தது. அந்த ஆண்டுகளில் திரியெஸ்தீனா என்ற உள்ளூர்க் கழகம் சீரி ஆவில் ஆடிக்கொண்டிருப்பதே இத்தாலிக்கு அரசியல் முக்கியத்துவம் உடைய செய்தி. 1946–47இல் அட்டவணையின் அடியில் முடித்தும் கழகம் கீழே இறக்கப்படவில்லை. அடுத்த பருவத்திலேயே, அதே ஊரைச் சேர்ந்த நெரேயோ ரோக்கோவின் பயிற்சியில், அது இரண்டாம் இடத்துக்கு ஏறியது. செசாரேயின் இளமைக்காலக் கால்பந்து இந்தச் சூழலில் உருவானது. 1952இல் திரியெஸ்தீனாவின் முதல் அணிக்கு வந்தார். இரண்டு பருவங்கள் ஆடிய பின் 1954இல் மிலான் அவரை அழைத்துக்கொண்டது.

மிலானில் அவர் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தார். 412 ஆட்டங்கள், 3 கோல்கள். சேர்ந்த முதல் பருவத்திலேயே லீக் பட்டம். பிறகு 1957, 1959, 1962இல் மேலும் மூன்று. தடுப்பு வரிசையின் நடுவில் ஆடிய உயரமான மனிதர். அக்காலத் தடுப்பாட்டக்காரர்கள் பந்து காலுக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு தூர உதைத்துவிடுவார்கள். செசாரே அதை நிறுத்தி, தலை நிமிர்த்தி, தன் ஆளைத் தேடிக் கொடுத்தார். அந்த நிதானம் சிலசமயம் அளவு மீறும். எதிரணி முன்கள வீரன் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிவிடுவான். இத்தகைய சறுக்கல்களுக்கு இத்தாலியப் பத்திரிகைகள் ‘மால்தினாத்தே’ என்றே பெயர் வைத்தன. ஆனால் பின்னாளில் மகனிடம் உலகம் கண்டு வியந்த அமைதிக்கும் தொடக்கம் அங்கேதான் இருக்கிறது.

1961இல் இரண்டு நிகழ்வுகள் சேர்ந்து வந்தன. மிலானின் தலைவராக இருந்த சுவீடன் நாட்டு நடுக்கள வீரர் நில்ஸ் லீட்ஹோல்ம் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற, தலைவர் பொறுப்பு செசாரேக்கு வந்தது. அதே ஆண்டு ரோக்கோ மிலானின் பயிற்சியாளரானார். திரியெஸ்தேக்காரர் இருவர், ஒருவர் களத்துக்கு வெளியே, ஒருவர் உள்ளே. தடுப்பு வரிசைக்குப் பின்னால் தனியாக ஒருவரை நிறுத்தி, எதிரணியை வரவிட்டு, பந்தைப் பறித்து விரைந்து தாக்கும் முறையை இத்தாலியில் நிலைநிறுத்தியவர்களில் ரோக்கோ முதன்மையானவர். அந்த முறையில் பின்னால் நின்று முழு ஆட்டத்தையும் பார்த்துக் குரல் கொடுப்பவனே அணியின் கண். அந்த இடத்துக்குச் செசாரே பொருத்தமாக அமைந்தார்.

1963 மே 22 அன்று லண்டனின் வெம்பிளி அரங்கில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். எதிரில் முந்தைய இரண்டு ஆண்டுகளும் கோப்பையை வென்றிருந்த பென்ஃபிக்கா. முதல் பாதியில் யூசேபியோ கோல் போட்டார். இரண்டாம் பாதியில் ஜோசே அல்தஃபீனி இரண்டு கோல்கள் திருப்பி அடிக்க, மிலான் 2–1 என்று வென்றது. இத்தாலியக் கழகம் ஒன்று அந்தக் கோப்பையை வெல்வது அதுவே முதல் முறை. அதை மேலே தூக்கிய முதல் இத்தாலிய அணித்தலைவர் செசாரே மால்தீனி. நாட்டுக்காக அவர் ஆடியவை 14 ஆட்டங்கள். 1962இல் சிலியில் நடந்த உலகக் கோப்பையிலும் ஆடினார். 1966இல் ரோக்கோ இருந்த தொரீனோவுக்குச் சென்று, ஒரு பருவம் ஆடி, காலணியைக் கழற்றினார்.

செசாரே தம்பதிக்கு ஆறு பிள்ளைகள். பாவ்லோ 1968 ஜூன் 26 அன்று மிலான் நகரில் பிறந்தபோது தந்தை ஆட்டத்தை விட்டு ஓராண்டு ஆகியிருந்தது. வீட்டுக்குள் பந்து எப்போதும் இருந்தது என்றாலும், தந்தை ஆடியதை மகன் நேரில் கண்டதில்லை. பாவ்லோ பத்து வயதில் மிலானின் சிறுவர் அணியில் சேர்ந்தார். இயல்பில் வலது காலால் ஆடுபவர். அந்தச் சிறுவன்தான் உலகம் கண்ட மிகச் சிறந்த இடது பக்கத் தடுப்பாட்டக்காரர்களில் ஒருவராகப் போகிறான்.

அந்தப் பெயரோடு மிலான் சீருடையைப் போடுவது சுமை. இத்தாலியில் பெரிய மனிதரின் மகனுக்குக் கிடைக்கும் இடம் தகுதியால் வந்தது என்று எவரும் எளிதில் ஒப்புவதில்லை. கழகமும் அப்போது நல்ல நிலையில் இல்லை. சூதாட்ட வழக்கின் தண்டனையாக 1980இல் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. மீண்டு வந்து, 1982இல் ஆட்டத்தாலேயே மறுபடி இறங்கியது. 1985 ஜனவரி 20 அன்று உதினே நகரில், உதினேசேயுடன் நடந்த ஆட்டத்தின் இடைவேளையில், காயமடைந்த செர்ஜியோ பத்திஸ்தீனிக்குப் பதிலாகப் பதினாறு வயது பாவ்லோ இறக்கப்பட்டார். இறக்கிய பயிற்சியாளர் லீட்ஹோல்ம். தந்தைக்குத் தலைவர் பொறுப்பைக் கொடுத்துச் சென்ற அதே மனிதர். 1978இல் இதே லீட்ஹோல்ம்தான் ஃபிராங்கோ பாரேசியையும் முதன்முதலில் களமிறக்கியிருந்தார். பாரேசிக்குப் பின் 1997இல் தலைவரானவர் பாவ்லோ. மிலானில் ஒரு தலைமுறை அடுத்ததை வளர்த்த வழி இதுதான். குடும்ப உறவு அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி மட்டுமே. லீட்ஹோல்ம், ரோக்கோ, பாரேசி ஆகியோரை விட்டுவிட்டு மால்தீனிகளின் கதையைச் சொல்ல முடியாது.

1986இல் சில்வியோ பெர்லுஸ்கோனி கழகத்தை வாங்கினார். அடுத்த ஆண்டு அரிகோ சாக்கி பயிற்சியாளரானார். ரோக்கோவின் முறையைச் சாக்கி தலைகீழாக்கினார் என்று சொன்னால் மிகையில்லை. பின்னால் தனியாக எவரும் நிற்பதில்லை; நான்கு தடுப்பாட்டக்காரர்களும் ஒரே கோட்டில் நின்று, பந்தின் இருப்பிடத்தைப் பார்த்து ஒன்றாக முன்னேறி, எதிரணியை ஆஃப்சைடில் நிறுத்த வேண்டும். வலமிருந்து இடமாகத் தசோத்தி, கொஸ்தகூர்த்தா, பாரேசி, மால்தீனி. நால்வரும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஆடினார்கள். தந்தை காத்த கோல்வாயும் மகன் காத்த கோல்வாயும் ஒன்றே. காக்கும் கலை வேறாகிவிட்டது. செசாரே இடத்தைக் காத்தார். பாவ்லோ கோட்டையும் காலத்தையும் காக்கக் கற்றார். ஒரு படி முன்னே வைப்பதா பின்னே வைப்பதா என்பதை நான்கு பேர் ஒரே கணத்தில் முடிவு செய்யும் ஆட்டம் அது. இதைத் தந்தை வீட்டில் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. பயிற்சித் திடலில்தான் கற்றிருக்க வேண்டும்.

அந்தத் திறன் 1990களில் முழுமையடைந்தது. ஃபாபியோ கபெல்லோ பயிற்சியாளராக இருந்தபோது மிலான் தொடர்ந்து 58 லீக் ஆட்டங்களில் தோற்கவில்லை. 1993–94 பருவத்தில் 34 லீக் ஆட்டங்களில் அது விட்டுக்கொடுத்தவை வெறும் 15 கோல்கள். அந்த ஆண்டு ஏதென்ஸில் நடந்த சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பியக் கோப்பையின் புதிய பெயர்) இறுதி ஆட்டத்தில் பாரேசியும் கொஸ்தகூர்த்தாவும் தடையால் ஆட முடியாத நிலை. பாவ்லோ நடுவுக்கு நகர்ந்து பிலிப்போ கல்லியோடு சேர்ந்து நின்றார். யோஹான் க்ரைஃபின் பார்சிலோனா அணி ரொமாரியோவையும் ஸ்தோய்ச்கோவையும் கொண்டு வந்தது. முடிவு மிலானுக்கு 4–0. பாவ்லோவின் வாழ்க்கையில் இந்த ஆட்டமே மிகத் தெளிவான சான்று. இடது ஓரத்தில் தேர்ந்த ஒருவர், நெருக்கடியில், தந்தை ஆடிய இடத்துக்கு வந்து, ஐரோப்பாவின் மிகச் சிறந்த தாக்குதலை நிறுத்தினார்.

பாவ்லோவின் ஆட்டத்தில் சறுக்கிப் பந்தைப் பறிக்கும் அழகு ரசிகர்களின் நினைவில் நிற்கிறது. அதைவிடப் பெரியது, அவருக்குச் சறுக்க வேண்டிய தேவையே குறைவாக இருந்தது என்பது. முன்கள வீரன் எங்கே திரும்புவான் என்பதைக் கணித்து, அவனுக்கு முன்பே அங்கே நின்றுவிடுவார். வலது கால் ஆட்டக்காரர் இடது பக்கத்தில் நின்றதும் இதற்கு உதவியது: உள்ளே வெட்டி வருபவனை வலிமையான காலால் தடுக்கலாம்; ஓரத்தில் ஓடும்போது பழகிப் பழகிக் கூர்மையான இடது காலால் பந்தை உள்ளே அனுப்பலாம். வயது ஏறி வேகம் குறைந்தபோது நடுவுக்கு நகர்ந்தார். ஆண்டின் சிறந்த ஐரோப்பிய வீரருக்கான தங்கப் பந்து விருதில் 1994, 2003 ஆகிய இரு முறையும் மூன்றாம் இடம் பெற்றார். கோல் போடுபவர்களையே கொண்டாடும் விருதில் ஒரு தடுப்பாட்டக்காரருக்கு அது பெரிய இடம்.

2003 மே 28 அன்று மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்டில் யூவென்டஸுடன் கோலில்லாமல் முடிந்த இறுதி ஆட்டத்தைப் பெனால்டியில் மிலான் வென்றது. கோப்பையைத் தூக்கிய தலைவர் பாவ்லோ. தந்தை தூக்கி நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அதுவும் இங்கிலாந்து மண்ணிலேயே. ஐரோப்பியக் கோப்பையைத் தலைவர்களாக வென்ற தந்தையும் மகனும் என்ற பெருமை அன்று அந்த வீட்டுக்கு வந்தது. பாவ்லோ ஆடிய இறுதி ஆட்டங்கள் எட்டு. தோற்ற மூன்றில் 2005இன் இஸ்தான்புல் ஆட்டம் மறக்க முடியாதது. லிவர்பூலுக்கு எதிராக முதல் நிமிடத்திலேயே பாவ்லோ கோல் போட்டார். இடைவேளையில் 3–0 என்றிருந்த மிலான், ஆறே நிமிடங்களில் மூன்று கோல்களை வாங்கிப் பெனால்டியில் தோற்றது. இரண்டு ஆண்டுகள் கழித்து ஏதென்ஸில் அதே லிவர்பூலை 2–1 என்று வென்று, 38 வயதில் ஐந்தாவது கோப்பையைப் பெற்றார். எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து மிலானுக்காக 902 ஆட்டங்கள். சீரி ஆவில் மட்டும் 647. அந்தச் சாதனையை 2020இல்தான் கோல்காப்பாளர் புஃபோன் முந்தினார்.

செசாரேயின் இரண்டாம் வாழ்க்கை, பயிற்சியாளர் வாழ்க்கை, மகனின் ஆட்ட வாழ்க்கையோடு பின்னிப் பிணைந்தது. 1982இல் இத்தாலி உலகக் கோப்பையை வென்றபோது அவர் தலைமைப் பயிற்சியாளர் என்ஸோ பேர்சோத்தின் உதவியாளர். 1986 முதல் 1996வரை 21 வயதுக்குட்பட்டோர் அணியைப் பயிற்றுவித்தார். 1992, 1994, 1996 என்று அடுத்தடுத்து மூன்று ஐரோப்பியப் பட்டங்கள். கன்னவாரோ, நெஸ்தா, தொத்தி போன்றோர் அவர் கையில் வளர்ந்தவர்கள். பாவ்லோவும் இளைஞராக அந்த அணியில் தந்தையின் கீழ் ஆடினார். செசாரேயின் மிகப் பெரிய பங்களிப்பு எது என்று கேட்டால் வெம்பிளியைச் சொல்பவர்கள் பலர். இந்தப் பத்து ஆண்டுகளைச் சொல்வதே பொருத்தம். அடுத்த தலைமுறை இத்தாலிய அணியின் முதுகெலும்பை அமைத்தவர் அவர். 2006இல் உலகக் கோப்பையைத் தூக்கிய தலைவர் கன்னவாரோ அவருடைய மாணவர்.

1996 இறுதியில் செசாரே நாட்டின் முதல் அணிக்குப் பொறுப்பேற்றார். தலைவர் ஏற்கெனவே பாவ்லோ. மகன் என்பதால் இடம் கிடைத்தது என்று எவரும் சொல்ல முடியாத உயரத்தில் அப்போது அவர் இருந்தார். 1997 பிப்ரவரியில் வெம்பிளியில் இங்கிலாந்தை ஜியான்ஃபிராங்கோ சோலாவின் ஒரே கோலால் இத்தாலி வென்றது. 34 ஆண்டுகளுக்கு முன் கோப்பை வாங்கிய அரங்குக்குச் செசாரே பயிற்சியாளராகத் திரும்பி வென்றார். ஆனாலும் தகுதிச் சுற்றில் ரஷ்யாவுடன் கூடுதல் ஆட்டங்கள் ஆடித்தான் பிரான்சுக்குப் போக முடிந்தது. 1998 உலகக் கோப்பையின் காலிறுதியில், செயின்ட் டெனி அரங்கில், பிரான்சுடன் 0–0. பெனால்டியில் 4–3 என்று தோல்வி. அளவுக்கு மீறித் தற்காத்து ஆடுகிறார் என்று பத்திரிகைகள் செசாரேயைக் கடுமையாகச் சாடின. அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. ரோக்கோவிடம் கற்ற பாடத்தை அவர் கடைசிவரை விடவில்லை. தந்தை பழைய முறையிலும் மகன் சாக்கியின் முறையிலும் ஊறியவர்கள். அந்த அணியில் இரண்டு காலங்களும் மோதின.

2001இல் மிலான் நடுப்பருவத்தில் பயிற்சியாளரை நீக்கியபோது, 69 வயது செசாரே மீதிப் பருவத்துக்குப் பொறுப்பேற்றார். மே 11 அன்று இன்டருக்கு எதிரான நகர டெர்பியில் மிலான் 6–0 என்று வென்றது. தலைவர் பட்டையோடு களத்தில் பாவ்லோ. அடுத்த ஆண்டு தென்கொரியாவும் ஜப்பானும் நடத்திய உலகக் கோப்பையில் தந்தையும் மகனும் வேறு வேறு அணிகளில் இருந்தார்கள்: செசாரே பராகுவேயின் பயிற்சியாளர், பாவ்லோ இத்தாலியின் தலைவர். ஜூன் 15 அன்று பராகுவே கடைசி நிமிடங்களில் ஒரு கோல் வாங்கி ஜெர்மனியிடம் தோற்று வெளியேறியது. மூன்று நாள் கழித்து இத்தாலி தென்கொரியாவிடம், கூடுதல் நேரத்தில் விழுந்த உடனே ஆட்டத்தை முடித்துவிடும் தங்க கோலால் தோற்றது. ஆன் ஜுங்-ஹ்வான் தலையால் முட்டிய அந்தப் பந்துக்குப் பக்கத்தில் எழும்பியும் எட்டாமல் போனவர் பாவ்லோ. நாட்டுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம் அது.

நாட்டு அணிக் கணக்கில் பாவ்லோவுக்கு ஒரு பட்டமும் இல்லை. 126 ஆட்டங்கள், அவற்றில் 74இல் தலைவர். நான்கு உலகக் கோப்பைகளில் 23 ஆட்டங்கள். 1990இல் சொந்த மண்ணில் மூன்றாம் இடம், 1994இல் பிரேசிலிடம் இறுதியில் பெனால்டித் தோல்வி, 2000 ஐரோப்பியச் சாம்பியன்ஷிப் இறுதியில் பிரான்சிடம் தங்க கோல் தோல்வி. உலகக் கோப்பைகளில் அவர் ஆடிய மொத்த நிமிடங்கள் 2,216. 2022இல் மெஸ்ஸி முந்தும்வரை அதுவே சாதனை. இத்தனை நேரம் நின்றும் வெல்லாத ஒருவரை அவருடைய நாடு தோற்றவராக ஒருபோதும் எண்ணியதில்லை.

2009 மே 24 அன்று சான் சீரோ அரங்கில் பாவ்லோவின் கடைசி உள்ளூர் ஆட்டம். ரோமாவிடம் மிலான் 3–2 என்று தோற்றது. அரங்கம் எழுந்து கைதட்டியது. ஆனால் தீவிர ரசிகர் குழுவினரில் ஒரு பகுதியினர் பழைய மனக்கசப்பால் சீழ்க்கையடித்து அவமதித்தனர். அரங்கின் அந்த மூலைக்கு அடிபணிந்து அவர் ஒருநாளும் நடந்ததில்லை. அதற்கான விலை அது. ஒரு வாரம் கழித்து ஃபுளோரன்சில் கடைசி முறையாக ஆடினார். அவருடைய 3ஆம் எண் சீருடையை மிலான் ஓய்வுக்கு அனுப்பியது. ஒரு விதிவிலக்கு வைத்தது: அவருடைய மகன் முதல் அணிக்கு வந்தால் அணியலாம்.

மகன்கள் இருவர். 1996இல் பிறந்த கிறிஸ்டியன் தந்தையையும் பாட்டனையும் போலத் தடுப்பாட்டக்காரர். மிலானின் இளைஞர் அணிகளில் வளர்ந்தவர். முதல் அணியில் ஓர் அதிகாரபூர்வ ஆட்டம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. மால்டாவின் ஹம்ரூன் ஸ்பார்ட்டன்ஸ், இத்தாலியில் ப்ரோ செஸ்தோ போன்ற கழகங்களில் ஆடினார். குடும்பக் கால்பந்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இவரைக் கடந்து போய்விடுகிறார்கள். ஆய்வுக்கு இவருடைய வாழ்க்கைதான் மிகவும் தேவை. அதே வீடு, அதே இளைஞர் பள்ளி, அதே பெயர், அதே இடத்தில் ஆட்டம். பெயரும் இரத்தமும் போதுமென்றால் 3ஆம் எண் அவருக்கு வந்திருக்க வேண்டும். வென்ற பிள்ளைகளை மட்டும் எண்ணி ‘பரம்பரைத் திறமை’ என்று முடிவு கட்டுவதில் உள்ள பிழையை அவருடைய வாழ்க்கை காட்டிக்கொடுக்கிறது. தொழில்முறைக் கால்பந்தில் எந்தப் பிரிவிலாவது பிழைத்து நிற்பதே பெரிய காரியம் என்பதையும் அது நினைவூட்டுகிறது.

இளையவர் டேனியல் 2001 அக்டோபர் 11 அன்று பிறந்தார். குடும்ப வழக்கத்தை மாற்றி முன்னே ஆடுபவர். நடுக்களத்துக்கும் முன்களத்துக்கும் இடையில் பந்தை வாங்கித் திரும்பும் ஆட்டம். 2020 பிப்ரவரி 2 அன்று வெரோனாவுடன் 1–1 என்று முடிந்த ஆட்டத்தின் கூடுதல் நிமிடங்களில் மாற்று வீரராக இறங்கினார். தந்தை அப்போது கழகத்தின் தொழில்நுட்ப இயக்குநர். 2021 செப்டம்பர் 25 அன்று ஸ்பெசியாவுக்கு எதிராக முதல் முறை தொடக்கப் பதினொன்றில் ஆடி, தலையால் முட்டி முதல் கோலும் போட்டார். மால்தீனி ஒருவர் சீரி ஆவில் கோல் போட்டு பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. 2022 மே 22 அன்று மிலான் லீகை வென்றது. வெம்பிளி வெற்றி நடந்த அதே நாள், 59 ஆண்டுகளுக்குப் பின். அந்தப் பருவத்தில் டேனியல் அணிந்தது 27ஆம் எண். அவருடைய பங்கு சிறியது, அதை மறைக்கத் தேவையில்லை. அந்தப் பட்டத்தில் பெரிய பங்கு அணியைக் கட்டிய இயக்குநர் பாவ்லோவுடையது.

அடுத்த பருவம் டேனியல் ஸ்பெசியாவுக்குக் கடனாக அனுப்பப்பட்டார். 2022 நவம்பரில் சான் சீரோவுக்கு வந்து மிலானுக்கு எதிராகவே கோல் போட்டு, கொண்டாடாமல் நின்றார். மிலான் கடைசி நேரத்தில் 2–1 என்று வென்றது. 2023 ஜூனில் கழகத்தின் புதிய உரிமையாளர்கள் பாவ்லோவைப் பொறுப்பிலிருந்து நீக்கினர். டேனியல் எம்போலிக்கும் பிறகு மோன்சாவுக்கும் போனார். மோன்சாவில் 2024இல் அவருக்குப் பயிற்சியாளராக வந்தவர் அலெசாந்த்ரோ நெஸ்தா. 1996இல் செசாரேயின் கீழ் ஐரோப்பிய இளைஞர் பட்டம் வென்று, மிலானிலும் இத்தாலிய அணியிலும் பாவ்லோவின் பக்கத்தில் நின்றவர். இப்போது டேனியலுக்கு ஆசிரியர். அந்த அக்டோபர் 10 அன்று, தன் 23ஆம் பிறந்தநாளுக்கு முந்தைய இரவு, ரோமில் பெல்ஜியத்துடன் நடந்த ஆட்டத்தில் டேனியல் இத்தாலிக்கு முதன்முதலில் ஆடினார். இத்தாலிய முதல் அணிக்கு மூன்று தலைமுறையாக ஆடிய முதல் குடும்பம் என்ற இடம் மால்தீனிகளுக்கு அன்று உறுதியானது. 2016 ஏப்ரலில் காலமான செசாரே இதைக் காணவில்லை.

பிற நாட்டுக் குடும்பங்களோடு ஒப்பிட்டால் இந்தக் குடும்பத்தின் தனித்தன்மை தெளிவாகும். ஸ்பெயினில் அலோன்சோ குடும்பத்தின் பாட்டன் மார்கித்தோஸ் ரியல் மாட்ரிட்டில் 1956 முதல் 1960வரை ஐந்து ஐரோப்பியக் கோப்பைகள் வென்றவர். மகன் மார்கோஸ் அத்லெத்திகோ, பார்சிலோனா கழகங்களில் ஆடினார்; பேரன் மார்கோஸ் செல்சியில் பெயர் பெற்று 2018இல் நாட்டுக்கு ஆடினார். மூவரும் ஸ்பெயினுக்கு ஆடினார்கள், ஆனால் மூவருக்கும் பொதுவான ஒரு கழகம் அவர்களின் பெயரோடு ஒட்டிக்கொள்ளவில்லை. ஸ்லோவாக்கியாவின் விளாதிமிர் வைஸ் என்ற ஒரே பெயருடைய மூவரில், நடுத் தலைமுறையைச் சேர்ந்தவர் பயிற்சியாளராகவும் இளையவர் வீரராகவும் 2010 உலகக் கோப்பைக்குச் சென்றனர். 1998இன் மால்தீனி இணைக்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு அது. ஐஸ்லாந்தின் அர்னோர் குட்யோன்சென் 1996 ஏப்ரலில் எஸ்தோனியாவில் களத்தை விட்டு வெளியேற, அவருக்குப் பதிலாக இறங்கியவர் 17 வயது மகன் எய்தூர். தந்தையும் மகனும் ஒரே சமயம் களத்தில் நிற்கும் நாளுக்காகக் காத்திருந்தார்கள். அது வரவே இல்லை. எய்தூரின் மகன்களும் பின்னர் ஐஸ்லாந்துக்கு ஆடினார்கள்.

மெக்சிக்கோவிலும் உருகுவேயிலும் இந்த வரிசை தாய்வழியாகப் போகிறது. 1954 உலகக் கோப்பையில் பிரான்சுக்கு எதிராகக் கோல் போட்ட தோமாஸ் பால்காசாரின் மருமகன் ஹாவியர் எர்னாண்டஸ் 1986 அணியில் இருந்தார். பேரன் ‘சிச்சரித்தோ’ 2010இல் அதே பிரான்சுக்கு எதிராகக் கோல் போட்டார். உருகுவேயின் தியேகோ ஃபோர்லான் 2011இல் தென்னமெரிக்கக் கோப்பையை வென்றபோது, தந்தை பாப்லோ 1967இல் வீரராகவும், தாய்வழிப் பாட்டன் கொராஸ்ஸோ 1959, 1967இல் பயிற்சியாளராகவும் அதை முன்பே வென்றிருந்தார்கள். குடும்பப் பெயரைப் பிடித்துத் தேடுபவர் கண்ணில் இத்தகைய வழிகள் படுவதில்லை. இன்னொரு பாதியும் கண்ணில் படாமலே போனது: இத்தாலியில் பெண்கள் கால்பந்தின் உச்சப் பிரிவு தொழில்முறையாக ஏற்கப்பட்டது 2022இல்தான். செசாரேயின் மகள்களுக்கு எவ்வளவு திறமை இருந்திருந்தாலும் அந்த வீட்டுத் தொழில் அவர்களுக்குத் திறந்திருக்கவில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது தந்தையிடமிருந்து மகனுக்கு வருபவை சில உறுதியாகத் தெரிகின்றன. உடல்வாகு ஒன்று. இளமையிலேயே நல்ல பயிற்சிக்கூடத்தின் கதவு திறப்பது இன்னொன்று. மூன்றாவதைத்தான் குறைத்து மதிப்பிடுகிறார்கள்: இந்தத் தொழிலின் அன்றாடத்தை, தோல்விக்கு மறுநாள் காலை எப்படி எழுவது, காயத்தை எப்படிப் பொறுப்பது, பத்திரிகைக்கு என்ன சொல்வது என்பதை வீட்டிலேயே பார்த்து வளர்வது. பாவ்லோ இருபத்தைந்து பருவங்கள் நிலைத்ததற்கு இந்த மூன்றாவதே முதன்மையான காரணம் என்று கொள்ள இடமிருக்கிறது. உடல்வாகு பத்து ஆண்டுகளுக்குப் போதும். நாற்பது வயதுவரை கொண்டுசெல்வது ஒழுக்கம்.

கழகம் மாறாமல் இருந்ததும் இதில் அடங்கும். செசாரே தம் வாழ்நாளில் மூன்று கழகங்களில் ஆடினார், பாவ்லோ ஒன்றே ஒன்றில். டேனியல் 2025 பிப்ரவரியில் மோன்சாவிலிருந்து அத்தலாந்தாவுக்கு மாறியபோது அது அவருடைய ஐந்தாவது கழகம், வயது 23. திறமையின் அளவை வைத்து மட்டும் இந்த வேறுபாட்டை விளக்கிவிட முடியாது. வீரர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் சுதந்திரமாக மாறலாம் என்று 1995இல் ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் வழக்கில் தீர்ப்பளித்தது. கழகங்களை வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் வாங்கின. இளம் வீரர் விற்பனைக்குரிய சொத்தாகக் கணக்கெழுதப்படுகிறார். லீட்ஹோல்மைப் போல ஒருவர் இருபது ஆண்டுக்கும் மேற்பட்ட இடைவெளியில் தந்தைக்கும் மகனுக்கும் ஒரே கழகத்தில் வழிவிடுவதற்கான நிலைமை இப்போது இல்லை. மால்தீனிகளின் மூன்றாம் தலைமுறை மிலானுக்கு வெளியே தன் ஆட்டத்தைத் தேடிக்கொள்கிறது.